அம்பாசமுத்திரத்து வீட்டின் பழைய இரும்புக் கேட்டு: அறுக்கும் முன் கழற்றிப் பாருங்கள்

கேட்கப்பட்டது இது. அம்பாசமுத்திரம் பக்கம் பூட்டன் கட்டிய வீடு. முகப்பில் 1911 என்று சுதையில் போட்டிருக்கிறது. வாசலில் இரட்டைக் கதவு இரும்புக் கேட்டு, தார்சா என்கிற முன்தாழ்வாரத்தைச் சுற்றிக் கம்பிக் கிராதி, மாடி முகப்பில் பூ வேலைப்பாட்டோடு ஒரு கைப்பிடிக் கிராதி. கேட்டில் ஒரு கதவு தரை தட்டுகிறது. அடிச்சட்டம் இற்றுப்போயிற்று. ஈட்டிமுனைகளில் நான்கைக் காணோம். வெல்டிங் கடைக்காரர் அடியில் ஒரு அடி அறுத்து ஆங்கிள் வைத்துவிடலாம் என்கிறார். சித்தப்பா மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் கேட்டு போடச் சொல்கிறார். லண்டனில் இருக்கும் மச்சான், ‘அங்கே அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள லிஸ்டட் வீடு என்றால் கேட்டைத் தொடவே அனுமதி வேண்டும், ஊரிலும் விசாரி’ என்கிறார். என்னதான் செய்ய?

தம்பி, வெல்டிங்காரரை இரண்டு வாரம் தள்ளி வரச் சொல்லுங்கள். அவர் நல்ல ஆளாகவே இருக்கலாம். ஆனால் இந்த மாதிரி கேட்டுகளை நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். மழையும் துருவும் கெடுத்ததைவிட, ஒரே மத்தியானத்தில் கிரைண்டரும் வெல்டிங் ராடும் கெடுத்ததுதான் அதிகம். அந்தக் காலத்து ஆசாரி இதை உருப்படி உருப்படியாகக் கோத்துச் செய்திருக்கிறார். அதே வழியில் பிரித்துப் பழுது பார்த்துத் திரும்பக் கோக்கலாம். நான் சொல்லப்போவது முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான்.

முதலில் அது என்ன இரும்பு என்று தெரியவேண்டும். பழைய வீடுகளில் மூன்று வகை வரும். ராட் அயர்ன் என்கிற தேனிரும்பு, அச்சில் ஊற்றிச் செய்யும் வார்ப்பிரும்பு, அப்புறம் இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் மைல்டு ஸ்டீல். வெளியே பெயின்ட் இருக்கும்போது மூன்றும் ஒன்றுபோல்தான் தெரியும். உடைந்த துண்டு ஏதாவது கிடந்தால் எடுத்து உடைந்த வாயைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். தேனிரும்பு பனைமட்டையை முறித்ததுபோல் நார் நாராகப் பிரிந்து நிற்கும். வார்ப்பிரும்பு கருப்பட்டியை உடைத்ததுபோல் பொருபொருவென்று, சாம்பல் நிறத்தில், வளையாமல் ஒரே வெட்டாக உடைந்திருக்கும். மைல்டு ஸ்டீல் சுலபத்தில் உடையவே உடையாது, வளைந்துதான் கிடக்கும்.

நார் எங்கிருந்து வந்தது என்றால், தேனிரும்பு செய்த விதத்திலிருந்து. 1784இல் ஹென்றி கோர்ட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய முறை அது. வார்ப்பிரும்பை உலையில் உருக்கிக் கிளறிக் கிளறிக் கரியை எரித்து எடுப்பார்கள். இரும்பு களிமாதிரி திரளும், அதற்குள் கசடும் கொஞ்சம் மாட்டிக்கொள்ளும். சுத்தியலால் அடித்து உருளையில் நீட்டும்போது அந்தக் கசடு இழை இழையாக இரும்புக்குள் ஓடிவிடும். பாரிஸில் 1889இல் எழுந்த ஈஃபில் கோபுரம் இந்த இரும்புதான். 1856இல் பெஸ்ஸமர் முறை வந்து, ஸ்டீல் மலிவாகி, இதன் காலம் மெல்ல முடிந்தது. இங்கிலாந்தில் போல்டன் ஊரில் இருந்த கடைசிப் பட்டறையும் 1970களில் நின்றுவிட்டது. இன்று நம் ஊர்க் கடைகளில் ‘ராட் அயர்ன் கேட்டு’ என்று போர்டு போட்டு விற்பதெல்லாம் மைல்டு ஸ்டீல் கம்பியில் அச்சில் அடித்த சுருள்களை ஒட்டவைத்ததுதான். பெயர் மட்டும் மிஞ்சியது. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். எடைக்குப் போடும் கடையில் இதையும் வெறும் பழைய இரும்பாகத்தான் எடுப்பார்கள். திரும்ப வாங்கப் போனால் இந்தச் சரக்கு எந்த விலைக்கும் புதிதாகக் கிடைக்காது.

1911 என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அது தேனிரும்பும் ஸ்டீலும் கலந்து புழங்கிய காலம். உடைந்த துண்டு கிடைக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத மூலையில், அடிச்சட்டத்தின் கீழ்ப்பக்கத்தில், கிரைண்டரை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். தேனிரும்புப் பொறி நீளமாக, வைக்கோல் நிறத்தில், அதிகம் வெடிக்காமல் போகும். ஸ்டீல் பொறி நுனியில் கவைகவையாகப் பிரியும். வார்ப்பிரும்புப் பொறி குட்டையாக, செக்கச்செவேலென்று கிளம்பி நுனியில் பொடிப்பொடியாகச் சிதறும். சாயங்காலம் வெளிச்சம் குறைந்தபின் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். துருவே கூட ஆளைக் காட்டிக் கொடுக்கும். தேனிரும்பு இற்றால் பழைய உத்திரக்கட்டை மாதிரி நீளவாக்கில் ஏடு ஏடாக உரியும்.

உங்கள் கேட்டில் ஒரே இரும்பு இருக்காது என்பது என் ஊகம். நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தவரை நிற்கும் கம்பிகளும் சட்டமும் சுருள்களும் அடித்துச் செய்தவை. ஒரு சுருளுக்கும் அடுத்ததற்கும் நூலளவு வித்தியாசம் தெரிகிறது. ஈட்டிமுனைகள் எல்லாம் ஒரே அச்சு, பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடுகிறது. அது வார்ப்பு அச்சின் இணைப்புக் கோடு. மாடிக் கிராதியின் பூப்பலகைகளும் வார்ப்பிரும்பாகத்தான் இருக்கவேண்டும். இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைக் கொன்றுவிடும். தேனிரும்பைக் காய்ச்சி அடிக்கலாம், வளைக்கலாம். வார்ப்பிரும்பைச் சுத்தியலால் தட்டினால் இரண்டு துண்டு.

அடுத்தது மூட்டுகள். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். எங்கும் வெல்டிங் கோடு இருக்காது. நிற்கும் கம்பியின் நுனியை முளையாக்கி, சட்டத்தின் துளைக்குள் விட்டு, மறுபக்கம் சுடச்சுடத் தட்டித் தலை பரப்பியிருப்பார்கள்; தறைவது என்பது இதுதான். சுருளும் சுருளும் தொடும் இடத்தில் ஒரு பட்டையைச் செஞ்சூட்டில் சுற்றிப் பூணாக மாட்டியிருப்பார்கள். பட்டை ஆறும்போது சுருங்கும், பிடி இறுகும். ஆணி கிடையாது, பற்றவைப்பு கிடையாது.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுக் கேட்டைப் பிரித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஆசாரி பூணை மட்டும் சூடேற்றி, வெட்டிரும்பின் நுனியை விட்டு மெதுவாக நெம்பித் திறந்தார். நூறு வருஷமாக வெயிலும் பெயின்டும் படாத இரும்பு உள்ளே கருநீலமாக அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில், முளைக்குக் கீழே, உளியால் மூன்று சின்ன வெட்டு. சட்டத்தின் துளைக்குப் பக்கத்திலும் அதே மூன்று வெட்டு. அடுத்த கம்பியில் நான்கு, சட்டத்திலும் நான்கு. எது எங்கே போகும் என்று அந்தப் பழைய ஆசாரி எண்ணிக்கை போட்டு வைத்திருக்கிறார். எங்கள் ஆசாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பையனைக் கூப்பிட்டு, நாங்கள் சாக்பீஸால் எழுதிய நம்பரையெல்லாம் அழிக்கச் சொன்னார். அந்த வெட்டுகளை வைத்தே முழுக் கேட்டையும் திரும்பக் கோத்தோம். அங்கே முதல் நாளே கிரைண்டர் சக்கரத்தை ஓட்டியிருந்தால் அந்த வெட்டுகள் பொடியாகப் போயிருக்கும்.

சரி, துரு எங்கே தொடங்குகிறது? தண்ணீர் நிற்கும் இடத்தில். நடுக்கம்பி நூறு வருஷம் நன்றாக இருக்கும், அடிச்சட்டம் மட்டும் இற்றுப்போகும். நம் வீடுகளில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு, வெளியூர் ஆட்கள் எழுதியதில் நான் பார்த்ததில்லை. தினமும் விடியற்காலையில் வாசல் தெளிக்கிறோமே, அந்தத் தண்ணீரில் பாதி கேட்டின் அடியில்தான் விழுகிறது. நூறு வருஷம் என்றால் முப்பத்தாறாயிரம் தடவை. சாணத் தண்ணீர் என்றால் ஈரம் இன்னும் ஒட்டி நிற்கும். அதற்காக யாரும் வாசல் தெளிக்காமல் இருக்கப்போவதில்லை, நானும் சொல்லமாட்டேன். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தெளியுங்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

பூணுக்கடியிலும், இரண்டு பட்டை ஒட்டும் இடத்திலும் நீர் புகுந்தால் துரு உள்ளேயே திரளும். துரு, தான் தின்ற இரும்பைப்போல ஆறேழு மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் பூண் பிளக்கும், சட்டம் விரிந்து வளையும். கிராதிக் கம்பி கல்லுக்குள் இறங்கும் இடத்தில் கருங்கல்லே தெறிக்கும். உங்கள் தார்சா விளிம்புக் கல் இரண்டு இடத்தில் மூலை உடைந்திருப்பது இதனால்தான். யாரும் இடித்து உடைக்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் நிறைய கேட்டுகள் பார்த்தேன். தண்ணீர் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. வண்டல் மட்டும் பூண்களுக்கு உள்ளேயும், கதவின் அடிமுனை சுழலும் குடுமிக்குழியிலும் தங்கி மாதக்கணக்கில் ஈரம் காத்தது. மேலே பெயின்ட் அடித்தவர்கள் அடுத்த வருஷமே திரும்ப அடித்தார்கள்.

இப்போது உங்கள் கேட்டுக்கு வருவோம். தரை தட்டும் கதவுக்குக் காரணம் கீலும் இல்லை, சுவரும் இல்லை. இந்தக் கேட்டுகளின் பாரம் முழுவதும் கீழே கல்லில் இருக்கும் குழியில் சுழலும் குடுமியில்தான் இறங்கும். மேலே இருக்கும் வளையம் சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். குடுமி நூறு வருஷம் சுற்றித் தேய்ந்து கால் அங்குலம் இறங்கினால், அகலக் கதவின் மறுகோடி அதற்கு மேலேயே தாழும். கதவைத் தூக்கி எடுத்து, குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தேய்ந்த அளவுக்கு ஒரு கடினமான ஸ்டீல் வில்லையை அடியில் போட்டு, கிரீஸ் வைத்து இறக்குங்கள். மேல் வளையமும் தளர்ந்திருந்தால் அதற்கு ஒரு உட்பூண். பாதிப் பேருக்கு இதோடு கேட்டு நேராகிவிடும். இதைச் செய்யாமல் தரையைக் கொத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். கதவின் நுனியை அறுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தூக்கும்போது நான்கு பேர் வேண்டும். ஒரு அங்குலச் சதுரத் தேனிரும்புக் கம்பி மூன்றடிக்குப் பத்து ராத்தல் என்பது பழைய கணக்கு, கிட்டத்தட்ட நாலரைக் கிலோ. உங்கள் கேட்டின் கம்பிகளை எண்ணிக் கணக்குப் போட்டுவிட்டு ஆள் கூப்பிடுங்கள்.

அடிச்சட்டத்தில் எது உண்மையில் போய்விட்டது என்பதைச் சுத்தியலின் முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இருக்கட்டும். பொத்தென்றால் அந்த இடம் மட்டும் மாற்றவேண்டும். ஒரு அடி உயரத்துக்கு எல்லாக் கம்பியையும் அறுக்கச் சொல்பவர் தன் வேலையைச் சுலபமாக்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். சட்டத்தில் கெட்ட முழத்தை எடுத்துவிட்டு அதே அகலம், அதே கனத்தில் பட்டை போட்டு, அதே இடத்தில் துளை போட்டு, பழைய முளைகளையே அதில் தறையலாம். முளையும் போயிருந்தால் கம்பியின் நுனியில் புதுத் துண்டு சேர்க்கவேண்டும்.

சேர்ப்பதில்தான் வெல்டிங்காரரோடு சண்டை வரும். தேனிரும்பில் ஏடு ஏடாகக் கசடு இருப்பதால், சாதாரணமாக மேலே ஓட்டும் ஆர்க் வெல்டிங் மேல் ஏட்டை மட்டும் பிடித்துக்கொள்ளும். பாரம் வரும்போது அந்த ஏடு உரிந்து வரும். உலை வைத்திருக்கும் கொல்லர் கிடைத்தால் இரண்டு நுனியையும் சரிவாக அடித்து, பொறி பறக்கும் வெள்ளைச் சூட்டுக்குக் காய்ச்சி, வெங்காரம் தூவிப் பட்டடையில் வைத்து அடித்து ஒன்றாக்குவார். தேனிரும்புக்கு இது இயல்பாகப் பொருந்தும், உள்ளே இருக்கும் கசடே பாதி உதவி செய்யும். அரிவாள், மண்வெட்டிக்கு இன்னும் இந்த வேலை செய்யும் பட்டறைகள் நம் பக்கம் இருக்கின்றன. உடைமரக் கரி போட்டு, துருத்திக்குப் பதில் புளோயர் வைத்திருப்பார்கள். கேட்டு வேலை என்று சொல்லாமல் கம்பித் துண்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காய்ச்சி ஒரு அடி அடித்துப் பார்த்தாலே ‘இது பழைய சரக்கு’ என்று கண்டுபிடித்துவிடுவார். கொல்லர் கிடைக்காத இடத்தில் வெல்டிங்தான் என்றால், நுனிகளை இரண்டு பக்கமும் வி வடிவில் நடு வரை செதுக்கி, 7018 என்ற வகை வெல்டிங் ராடில், ஆற விட்டு ஆற விட்டு முழுக் கனத்துக்கும் நிரப்பச் சொல்லுங்கள். மேல்பூச்சாக ஒரு வரி ஓட்டினால் வேண்டாம்.

புதுத் துண்டுக்கு மைல்டு ஸ்டீல் போடலாமா என்றால், போடலாம். பழைய தேனிரும்புக் கம்பி இடிக்கிற வீடுகளில் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் மைல்டு ஸ்டீல் பாவமில்லை. மூட்டை மட்டும் பழையபடி செய்யுங்கள், உள்பக்கத்தில் வருஷத்தைக் குத்தி வையுங்கள். ஐம்பது வருஷம் கழித்துப் பிரிப்பவருக்கு எது பழசு எது புதுசு என்று தெரியட்டும்.

ஈட்டிமுனைகள் வேறு கதை. வார்ப்பிரும்பை வெல்டு வைத்தால் ஆறும்போது பக்கத்தில் விரிசல் விடும். என் ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டில் ஆறு முனைகளை வெல்டு வைத்துவிட்டு வந்தேன். ராத்திரி வீட்டுக்கார அம்மா போன் செய்து, ‘கேட்டு டிக் டிக்குங்குதே தம்பி’ என்றார். காலையில் போனால் நான்கில் விரிசல். உடைந்த முனை கையில் இருந்தால் துளை போட்டு உள்ளே முளை வைத்து எபாக்ஸிப் பசையில் சேர்த்துவிடலாம். ஈட்டிமுனை பாரம் தாங்குவதில்லை, அது போதும். காணாமல் போன நான்குக்கும் நல்லதாக இருக்கும் ஒன்றைக் கழற்றி, கோயம்புத்தூர்ப் பக்கம் சின்ன எண்ணிக்கைக்கும் வார்த்துத் தரும் பவுண்டரி ஒன்றைப் பிடியுங்கள். ஒரு நுணுக்கம்: வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று அளவில் சுருங்கும். பழைய முனையையே அப்படியே அச்சாக்கினால் புதியவை அந்த அளவுக்குச் சிறுத்து வரும். ஈட்டிமுனைக்கு அது கண்ணுக்குத் தெரியாது, பரவாயில்லை. மாடிக் கிராதியின் மூன்றடிப் பலகைக்கு ஒரு சென்டிமீட்டர் குறையும், போல்ட் துளை பொருந்தாது. அதற்கு அச்சைப் பெரிதாக்கித்தான் செய்யவேண்டும். மாடிக் கிராதியின் போல்ட்டுகளையும் அப்போதே பாருங்கள். குழந்தைகள் சாய்ந்து நிற்கும் இடம், அழகு அப்புறம்.

தார்சாக் கிராதி கல்லில் இறங்கும் இடங்களில் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஏதாவது இருந்தால் அது ஈயம். குழியில் கம்பியை நிறுத்தி ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். அதைத் தோண்டிவிட்டு சிமென்ட் வைக்கவே வைக்காதீர்கள். சிமென்ட் கம்பியை விட்டு மயிரிழை விலகும், அந்தச் சந்தில் தண்ணீர் குடியிருக்கும். ஈயம் தளர்ந்திருந்தால் மழுங்கிய உளியால் சுற்றித் தட்டி இறுக்கலாம். குறைந்திருந்தால் மேலே ஊற்றி, கல் மட்டத்துக்குச் சற்று மேடாக, நீர் வழியும்படி விடவேண்டும். குழியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். இதை நீங்களே செய்து பார்க்காதீர்கள்.

ஈயம் என்றதும் பெயின்ட் ஞாபகம் வருகிறது. நூறு வருஷத்து இரும்பின் அடிப்பூச்சு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் ஈயச் செந்தூரம். இன்று விற்கும் ரெட் ஆக்சைடு செங்கல் நிறம், அது வேறு. இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பூச்சு எதையும் ஈயம் உள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி கிரைண்டரிலோ எமரித்தாளிலோ தேய்த்தால் தூசி வீடு முழுக்கப் பரவும். தீ காட்டி உரித்தால் புகையாகும். நனைத்துச் சுரண்டுங்கள், கீழே தார்ப்பாய் விரியுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பூண்களைக் காய்ச்சும் முன்னும் அந்த இடத்துப் பெயின்டைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள். மற்றபடி எல்லா இடத்திலும் வெறும் இரும்பு வரும்வரை உரிக்கவேண்டியதில்லை. இறுக்கமாக ஒட்டியிருக்கும் பூச்சு இருக்கட்டும், துரு தலைகாட்டும் இடத்தை மட்டும் எடுங்கள். சுரண்டும் முன் ஒரு மூலையில் மெல்லிய உளியால் படிப்படியாகச் சீவிப் பாருங்கள், பொங்கலுக்குப் பொங்கல் அடித்த நிறங்கள் வரிசையாகத் தெரியும். ஒரு வீட்டில் வெள்ளி, கறுப்பு, பச்சை, மறுபடி கறுப்பு, அடியில் கரும்பச்சை. வீட்டுக்காரர் கரும்பச்சைக்கே போனார். ஈட்டிமுனைக்குத் தங்க நிறம் வேண்டும் என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், பெயின்ட்தானே, பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

மணலைக் காற்றழுத்தத்தில் அடித்துத் துரு எடுக்கும் சாண்ட் பிளாஸ்டிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் கூடினால் சுத்தியல் தடமெல்லாம் போய்விடும், ஆசாரியின் கை அழிந்துவிடும். சாதாரண மணல் தூசி நுரையீரலுக்கும் நல்லதல்ல. செய்தே ஆகவேண்டும் என்றால் குறைந்த அழுத்தத்தில், கடையில் வாங்கிய கார்னெட் என்ற கடினக் கனிமப் பொடியில். நம் கடற்கரையிலேயே கார்னெட் கலந்த செம்மணல் கிடக்கிறதே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அள்ளுவதற்கு அனுமதி இல்லை என்பது ஒருபக்கம். அதில் இருக்கும் கடல் உப்பை இரும்பில் அறைந்து ஏற்றியதாகும் என்பது இன்னொரு பக்கம்.

உப்பின் வேலை எனக்கு நன்றாகத் தெரியும். மணப்பாட்டில் ஒரு வீட்டுக் கிராதியைப் பளபளவென்று சுரண்டி முடிக்க மாலை ஆகிவிட்டது. பிரைமர் காலையில் அடிக்கலாம் என்று விட்டேன். காலையில் லேசாகப் பழுப்பேறியிருந்தது. துடைத்துவிட்டு அடித்தோம். கார்த்திகைக்குள் எல்லாம் கொப்புளம். கடல்காற்று ஒரு ராத்திரியில் உப்பைப் பூசிவிட்டது, நாங்கள் அதை பிரைமருக்குள் பூட்டிவிட்டோம். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு எவ்வளவு பிரைமர் அடிக்கமுடியுமோ அவ்வளவுதான் சுரண்டுவது. கடலோரம் என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி உலர்த்திய பிறகே பிரைமர். அம்பாசமுத்திரத்தில் உங்களுக்கு உப்புப் பிரச்சினை இல்லை. பதிலுக்குச் சாரல் இருக்கிறது.

பூச்சு என்னவென்றால், ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கை, அதன்மேல் எனாமல் இரண்டு கை. ரெட் ஆக்சைடு மலிவு, ஆனால் அதன் நிறமியே இரும்பு ஆக்சைடுதான். மூடிவைக்குமே தவிர துருவைத் தடுக்கும் குணம் அதற்குக் கிடையாது. விளிம்பிலும் ரிவிட் தலையிலும் பெயின்ட் மெலிந்து நிற்கும். முதலில் சின்ன பிரஷால் அவற்றை மட்டும் ஒரு கை ஓட்டிவிட்டு முழுவதும் அடிக்கச் சொல்லுங்கள். முதல் பிரைமருக்குப் பிறகு பட்டைகளுக்கு நடுவிலான சந்துகளைப் பெயின்ட் ஒட்டும் பாலியூரிதேன் சீலன்ட்டால் அடையுங்கள், கண்ணாடிக்குப் போடும் சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் நிற்காது. சுரண்ட முடியாத குழிகளில் துரு மாற்றி போடலாம். அதில் பல வகை டானிக் அமிலத்தில் வேலை செய்பவை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்தார்களே, அதே ரசாயனம்தான், துரு கறுப்பாக இறுகிவிடும்.

எண்ணெய் பூசுவது பற்றி: தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் உலராது, தூசி பிடிக்கும், பின்னால் பெயின்ட் ஒட்டாது. வண்டி கழிவு ஆயில் அதைவிட மோசம். உலர்ந்து படலமாகும் எண்ணெய் ஆளிவிதை எண்ணெய்தான்.

கால்வனைஸ் செய்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று ஒருவர் சொல்வார். புது கேட்டுக்கு அது நல்ல யோசனை. இதற்கு வேண்டாம். முதலில் அமிலத் தொட்டியில் முக்குவார்கள், அமிலம் பூண்களுக்குள் தங்கி வருஷக்கணக்கில் கசியும். அப்புறம் ஏறக்குறைய 450 டிகிரி துத்தநாகத்தில் இறக்குவார்கள். ஈயம் உருகுவது 327 டிகிரியில், ஆகவே ஈயம் வைத்துப் பிடித்த முனையெல்லாம் தொட்டிக்குள் போய்விடும். பவுடர் கோட்டிங் மூட்டுக்குள் போகாது, ஒரு இடத்தில் கீறினால் அதன் வழியே நீர் புகுந்து தோலாக உரியும், ஒட்டுப்போடவும் முடியாது.

எப்போது செய்வது? எல்லோரும் பொங்கலுக்கு முன் அடிக்கிறார்கள். அதற்காக மார்கழியில் அடிக்கிறார்கள். மார்கழிப் பனியில் இரும்பு காற்றைவிடக் குளிர்ந்து காலையில் வியர்த்து நிற்கும், கையால் தொட்டாலே தெரியும். அதன்மேல் அடித்த பெயின்ட் தையில் பளபளக்கும், ஆடியில் உரியும். ஆனி ஆடிக் காற்றில் புழுதி ஒட்டும், மேற்கே உங்கள் பக்கம் சாரலும் சேரும். மாசிப் பின்பாதியும் பங்குனியும்தான் சரியான நேரம். காலை எட்டரைக்கு மேல் தொடங்கி, வெயில் இரும்பைச் சுடும் முன் நிறுத்துங்கள். கூலியைச் சதுர அடிக்குப் பேசாமல் நாள் கணக்கில் பேசுங்கள். சதுர அடிக்குப் பேசினால் பூணுக்கடியில் யார் சுரண்டுவார்கள்?

மச்சான் சொன்னது அங்கே சரி. இங்கிலாந்தில் 1990ஆம் வருஷச் சட்டப்படி பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை மாற்றும் வேலைக்கு முன் அனுமதி வேண்டும், இல்லாமல் செய்தால் குற்றம். 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே அந்த வளாகத்துக்குள் நிற்கும் கேட்டும் சுற்றுக் கிராதியும்கூட அதில் அடங்கும். அங்கேயும் உள்ளது உள்ளபடி சின்னப் பழுது பார்ப்பதற்கு பொதுவாக அனுமதி கேட்பதில்லை. இங்கே தமிழ்நாட்டில் 2012இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது. பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் வராத தனியார் வீட்டின் கேட்டைச் செப்பனிட யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. ஒன்று மட்டும் பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் 100 மீட்டருக்குள் இருந்து, நீங்கள் வீட்டு மராமத்தும் சேர்த்துச் செய்வதானால் அதற்கு அனுமதி வாங்கவேண்டும். அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்குக் கட்டுமானக் கட்டுப்பாடு உண்டு.

அடுத்த வாரத்துக்கு உங்களுக்கு இவ்வளவுதான் வேலை. இரண்டு கதவையும் மூட்டு மூட்டாகப் படம் எடுங்கள், அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்து கெட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். தரை தட்டும் கதவின் குடுமிக்குழியில் இருக்கும் மண்ணைக் கரண்டியால் தோண்டி எடுத்து, குழி எவ்வளவு ஆழம், குடுமி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து அனுப்புங்கள். அப்புறம் மாட்டுத் தொழுவத்திலும் மச்சிலும் பழைய சாமான்களுக்கு நடுவில் அந்த நான்கு ஈட்டிமுனை கிடக்கிறதா என்று ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மூன்று வீடுகளில் எனக்கு அப்படித்தான் கிடைத்தன, ஒரு வீட்டில் முனை அம்மிக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.